காய்ச்சல் முந்திக்கொண்டது

2003 பிப்ரவரி 21. சீனாவின் குவாங்சோவிலிருந்து உறவினர் திருமணத்துக்காக ஹாங்காங் வந்த 64 வயது மருத்துவர் ஒருவர், கவுலூனில் ஒரு விடுதியின் ஒன்பதாவது மாடியில் தங்கினார். ஊரில் அவர் பார்த்துவந்த நோயாளிகளுக்கு இருந்த அதே விசித்திர நிமோனியா அவரையும் பற்றியிருந்தது. மறுநாள் மருத்துவமனையில் சேர்ந்தவர் மார்ச் தொடக்கத்தில் இறந்துபோனார். அந்த மாடியில் தங்கியிருந்தவர்கள் விமானம் ஏறி ஹனோய், சிங்கப்பூர், டொரன்டோ என்று பிரிந்தார்கள். நோயும் அவர்களோடு போய் இறங்கியது. சார்ஸ் என்ற பெயர்கூட அப்போது அதற்குச் சூட்டப்படவில்லை.

அதே ஆண்டு ஜூலை 5 அன்று, பரவல் அடங்கிவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. பாதிக்கப்பட்டவர்கள் 8,096 பேர், இறந்தவர்கள் 774 பேர். தடுப்பூசி இல்லை, கிருமியைக் கொல்லும் மருந்தும் இல்லை. அப்படியிருந்தும் எப்படி நின்றது? கோவிட் நாட்களில் இந்தக் கேள்வியைப் பலரும் கேட்டார்கள். விடை, கிருமி உடம்புக்குள் எங்கே, எப்போது பெருகுகிறது என்பதில் இருக்கிறது.

சார்ஸை உண்டாக்கியது ஒரு கொரோனா கிருமி. இந்தக் கிருமிகள் நமக்குப் புதியவை அல்ல. நமக்கு வரும் சாதாரணச் சளியில் ஒரு பங்கு அவற்றில் நான்கு வகைகளின் வேலை. அவை பெரும்பாலும் மூக்கோடும் தொண்டையோடும் நின்றுவிடும். சார்ஸ் கிருமி நுரையீரலின் கடைக்கோடி வரை இறங்கியது. மூச்சுக்காற்றிலிருந்து உயிர்வளி ரத்தத்தில் கலக்கும் நுண்ணிய காற்றறைகள் அங்கேதான் இருக்கின்றன. அந்தச் செல்களின் மேலுள்ள ஏசிஇ2 என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு கிருமி உள்ளே நுழைகிறது. செல்கள் சாகின்றன, எதிர்த்துப் போராடும் உடலின் சீற்றமும் சேர்ந்துகொள்ள, காற்றறைகளில் நீர் கசிந்து நிறைகிறது. நோயாளி மூச்சை இழுக்கிறார், ஆனால் உயிர்வளி ரத்தத்தில் போய்ச் சேர்வதில்லை.

ஆழத்தில் பெருகியதுதான் நம்மைக் காப்பாற்றியது. கிருமியை அடையாளம் கண்ட ஹாங்காங் பல்கலைக்கழகக் குழுவை வழிநடத்தியவர்களில் ஒருவர் மாலிக் பீரிஸ். இலங்கையில் பிறந்து பேராதனையில் மருத்துவம் படித்தவர். நோயாளிகளின் சளி மாதிரிகளை நாள் வாரியாகப் பார்த்த அவருடைய குழு, அறிகுறி தொடங்கிப் பத்தாம் நாள் வாக்கில்தான் கிருமியின் அளவு உச்சம் தொடுகிறது என்று கண்டது. அதாவது, முதலில் காய்ச்சல் வருகிறது. நன்றாகத் தொற்றும் நிலை பிறகே வருகிறது. காய்ச்சல்காரரைக் கண்டுபிடித்துத் தனியே வைக்க நமக்குச் சில நாட்கள் கிடைத்தன. கோவிட் கிருமி அந்த அவகாசத்தைத் தரவில்லை. அதே ஏசிஇ2 வழியாகத்தான் அதுவும் நுழைகிறது, ஆனால் மூக்கிலும் தொண்டையிலும் தொடக்கத்திலேயே பெருகி, அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே பரவிவிடுகிறது.

சார்ஸ் தந்த அவகாசத்துக்கும் விலை கொடுக்க வேண்டியிருந்தது. நோய் முற்றும்போது தொற்று உச்சத்தில் இருந்தால், அருகில் நிற்பவர் யார்? மருத்துவரும் செவிலியரும்தான். சார்ஸ் பற்றியவர்களில் 1,706 பேர் மருத்துவப் பணியாளர்கள், ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். ஹனோயில் முதல் நோயாளியைப் பார்த்து, இது புதிய ஆபத்து என்று உலகை எச்சரித்த இத்தாலிய மருத்துவர் கார்லோ உர்பானி, மார்ச் 29 அன்று பாங்காக்கில் அதே நோயால் இறந்தார். வயது 46. அவர் எச்சரித்ததால் விழித்துக்கொண்ட வியட்நாம், 63 நோயாளிகளோடு நோயை நிறுத்திய முதல் நாடானது. தடுப்பூசியைப் பற்றி எழுதும் அளவுக்கு இவரைப் பற்றி நாம் எழுதியதில்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

தனிமைப்படுத்தினால் மட்டும் எல்லாம் முடிந்துவிடவும் இல்லை. ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் 300 பேருக்கு மேல் நோய் பற்றியது. குளியலறைத் தரையின் வடிகுழாய் வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும். கீழிருக்கும் கழிவுக் காற்றை மேலே விடாமல் தடுப்பது அதுதான். பல வீடுகளில் அது வறண்டிருந்தது. காற்றை வெளியே இழுக்கும் மின்விசிறி ஓடியபோது, கழிவுக்குழாயிலிருந்த கிருமியும் வீட்டுக்குள் வந்தது.

2004-க்குப் பிறகு சார்ஸ் மனிதரிடம் தென்படவில்லை. ஆனால் 2012-ல் சவுதி அரேபியாவில் மெர்ஸ் என்ற இன்னொரு கொரோனா நோய் தலைகாட்டியது. இதுவரை உறுதிசெய்யப்பட்ட நோயாளிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 35 பேர் இறந்திருக்கிறார்கள். இந்தக் கிருமி ஒட்டகங்களிடம் வாழ்கிறது. அவற்றின் மூக்கில் பெருகுவதால் ஒட்டகத்துக்கு லேசான சளி. மனிதருக்கோ நுரையீரலின் ஆழத்தில் பெருகுவதால் கொடிய நோய். மனிதரிடமிருந்து மனிதருக்கு எளிதில் பரவாததற்கும் இதுவே காரணம்.

பரவவே பரவாது என்று நினைத்துவிடக் கூடாது. 2015 மே மாதம் வளைகுடா நாடுகளுக்குப் போய்த் தென்கொரியா திரும்பிய ஒருவர், காய்ச்சலோடு அடுத்தடுத்துப் பல மருத்துவமனைகளுக்குப் போனார். நோய் இன்னதென்று தெரிய ஒன்பது நாட்கள் ஆயின. அந்த ஒருவரிலிருந்து தொடங்கிய தொடர் 186 பேரை எட்டியது. 38 பேர் இறந்தார்கள். பரவியது பெரும்பாலும் மருத்துவமனைகளுக்குள்ளேயே.

வளைகுடாவில் வேலை பார்க்கும் தமிழர் வீடுகள் நம் ஊர்களில் ஏராளம். ஒட்டகம் மேய்ப்பவர்களும் அவர்களில் உண்டு. ஊர் திரும்பிய 14 நாட்களுக்குள் காய்ச்சலும் இருமலும் வந்தால், மருத்துவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்: எங்கிருந்து வந்தோம், ஒட்டகத்தின் அருகில் இருந்தோமா, காய்ச்சாத ஒட்டகப்பால் குடித்தோமா என்பதைச் சீட்டு எழுதும் இடத்திலேயே சொல்லிவிட வேண்டும்.