தள்ளிப்போனால் பிழைக்கும் உயிர்

இலங்கையில் 1995இல் ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். 1950இல் இதே கணக்கு 7ஐக்கூட எட்டியிருக்கவில்லை. உச்சத்தைத் தொட்ட பிறகு விகிதம் இறங்கத் தொடங்கி, இருபது ஆண்டுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு வந்தது. அந்த இருபது ஆண்டுகளில் மக்களின் துயரம் குறைந்துவிடவில்லை. போரின் கடைசிக் கட்டமும் 2004 சுனாமியும் அதே காலத்தில்தான் வந்தன. மாறியது வேறொன்று. மிகக் கொடிய பூச்சிமருந்துகளை அரசு 1984 முதல் ஒவ்வொன்றாகத் தடைசெய்தது. உலக சுகாதார நிறுவனம் முதலாம் வகுப்பில் வைத்த நச்சுகள் 1995இல் சந்தையை விட்டுப் போயின. 2008க்கும் 2011க்கும் இடையில் இன்னும் சில தடைசெய்யப்பட்டன. இதனால் இரண்டு பத்தாண்டுகளில் சுமார் 93,000 உயிர்கள் தப்பியதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

தமக்குத் தாமே தீங்கு செய்துகொண்டு வைத்தியசாலைக்கு வந்தவர்களின் தொகை அந்த அளவுக்குக் குறையவில்லை. வந்தவர்கள் பிழைத்தார்கள் என்பதுதான் வித்தியாசம். அப்படிப் பிழைத்தவர்களிடம் இலங்கையிலேயே விசாரித்தபோது, பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்த முடிவைப் பற்றி அரை மணி நேரம்கூட யோசித்திருக்கவில்லை என்று தெரிந்தது. பல மாதத்து வேதனை இருந்திருக்கலாம். ஆனால் உயிரை விடத் துணியும் வேகம் அலைபோல் எழுந்து சிறிது நேரத்தில் தணிகிறது. அந்த நேரத்தைக் கடந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் பின்னாளிலும் தற்கொலையால் இறப்பதில்லை. தற்கொலைத் தடுப்பில் உலகம் இலங்கையிடம் கற்ற பாடம் இது. மலையகத் தோட்டத்து இளையோரின் கைபேசிக்குள் இயங்கும் சில குழுக்கள் ஏன் ஆபத்தானவை என்பதையும் இதை வைத்தே புரிந்துகொள்ள முடியும்.

நுவரெலியா, ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் மனம் உடைவதற்கான காரணங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்பது நீண்ட இழுபறிக்குப் பின் 2021இல்தான் வந்தது. 2024இல் அது 1,350 ஆனது. நிர்ணயித்த கிலோ கொழுந்து சேராவிட்டால் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், கிடைக்காது, அரைப்பேர்தான். நகை அடகுக் கடையில் இருக்கும். நுண்கடன் நிறுவனத்தின் தவணைக்காரர் வாசலில் நிற்பார். தாய் மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போயிருக்க, பிள்ளை பாட்டியிடம் வளரும். சாதாரண தரப் பரீட்சையில் தவறிய பையன் கொழும்பில் கடை வேலைக்குப் போவான். சில மாதங்களில் திரும்பி வந்து, என்ன நடந்தது என்று யாரிடமும் சொல்லமாட்டான். மாலையானால் குடி, குடிக்குப் பின் அடி. காதல், அதற்குள் சாதி. இவற்றில் எந்த ஒன்றும் தனியாக ஒருவரைச் சாவுக்குத் தள்ளுவதில்லை. பல சேர்ந்து, இனி வழியே இல்லை என்ற எண்ணம் இறுகும்போதுதான் ஆபத்து வருகிறது. ஒரு மரணத்துக்கு ஒற்றைக் காரணம் காட்டும் பத்திரிகைத் தலைப்புகள் அநேகமாக எப்போதும் தவறானவை.

இவற்றோடு, தோட்ட வாழ்க்கைக்கே உரிய இன்னொரு நெருக்கடியும் உண்டு. வரிசை வீடான லயத்துக் காம்பரா வழமையாகப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஒரு வீட்டுப் பேச்சு அடுத்த வீட்டில் கேட்கும். மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் படுக்கும் இடத்தில் மனம்விட்டு அழவும் மறைவிடம் இல்லை. ஒரு பெண் தோட்டத்து டிஸ்பென்சரியில் வாய் திறந்தால், மறுநாள் காலை வேலைக்குக் கூடும் பெரட்டுக் களத்தில் அது பேச்சாகிவிடும் என்ற பயம் இருக்கிறது. பயம் வீணானதும் அல்ல. பெரிய வைத்தியசாலைக்குப் போகலாம் என்றால் ஒரு நாள் பேர் போய்விடும். மன வேதனையைத் தமிழில் கேட்கக்கூடிய வைத்தியர் அங்கே இருக்கிறாரா என்பதும் உறுதியில்லை. தற்கொலைக்கு முயல்வது 1998 வரை இலங்கையில் தண்டனைக்குரிய குற்றம். சட்டம் மாறிக் கால் நூற்றாண்டு கடந்தும், பொலிஸ் வரும், குடும்ப மானம் போகும் என்ற அச்சம் விலகவில்லை.

2020இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, இணைய வகுப்புக்காகத் தோட்டத்துப் பெற்றோர் கடன் பட்டாவது ஸ்மார்ட் போன் வாங்கினார்கள். சிக்னல் தேடிப் பிள்ளைகள் மலை உச்சிக்கும் மரத்தடிக்கும் ஏறியது அப்போது செய்தியானது. வகுப்பு முடிந்த பிறகும் போன் தங்கிவிட்டது. சுவரும் கதவும் தராத தனிமையை அந்தச் சிறு திரை தந்தது. அதைக் குறை சொல்வதற்கில்லை. வீட்டில் சொல்ல முடியாததை வெளியே சொல்ல ஓர் இடம் கிடைப்பது நல்லதே. கேள்வி, அந்த இடத்தில் யார் இருக்கிறார்கள் என்பதுதான்.

தொடக்கம் பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு சோக வரி, டிக்டொக்கில் ஒரு தோல்விப் பாட்டு. ஒன்றை முழுவதும் பார்த்தால் அதே சாயலில் பத்தை எடுத்து நீட்டுவது அந்தச் செயலிகளின் இயல்பு. எது பார்ப்பவரைத் திரையில் நிறுத்தி வைக்கிறது என்பது கணினிக்குத் தெரியும். எது அவரைக் கொல்கிறது என்று தெரியாது. 2017இல் இறந்த லண்டன் சிறுமி மோலி ரஸ்ஸலின் மரண விசாரணை 2022இல் முடிந்தபோது, இணையத்தில் அவர் பார்த்துவந்தவையும் அந்த மரணத்துக்குச் சிறிதளவுக்கு மேலாகவே பங்களித்தன என்று விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். இறந்தபோது மோலிக்கு வயது 14.

அடுத்த கட்டம் குழு. அங்கே ஒருவர் தன் வேதனையைச் சொன்னதும், எனக்கும் அப்படித்தான் என்று பலர் வருவார்கள். முதல் சில நாட்களுக்கு அது பெரிய ஆறுதல். பிறகு மெல்ல மெல்ல, துயரமே அந்த இடத்தின் உறுப்புரிமை ஆகிறது. கொஞ்சம் தேறியவர் விலகிவிடுகிறார், தேறாதவர்களே எஞ்சுகிறார்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லக்கூடிய பாட்டியோ வாத்தியாரோ சிநேகிதனோ அங்கே இல்லை. அப்படிச் சொல்பவரைப் புரியாதவர் என்று ஒதுக்கும் வழக்கமும் சில குழுக்களில் உண்டு. இன்னும் மோசமானவற்றில் வழிமுறைகள் பகிரப்படுகின்றன, தேதி குறிக்கப்படுகிறது, துணைக்கு ஆள் தேடப்படுகிறது. தயங்குவது கோழைத்தனம் என்று ஏளனம் செய்யப்படுகிறது. பூச்சிமருந்துத் தடை எண்ணத்துக்கும் செயலுக்கும் நடுவே ஓர் இடைவெளியை உண்டாக்கியது. இத்தகைய குழு அந்த இடைவெளியைத் தூர்த்துவிடுகிறது. தானாகத் தணிந்திருக்கக்கூடிய அரை மணி நேரத்தில், தணியவிடாமல் விசிறிக்கொண்டே இருக்கிறது.

அந்நியர் என்ற ஆபத்தும் உண்டு. ஜப்பானில் டோக்கியோவுக்கு அருகிலுள்ள ஸாமா நகரில் 2017இல், சாக விரும்புவதாக ட்விட்டரில் எழுதிய இளையோரை ஒருவன் தேடிப் பிடித்துப் பேசி வரவழைத்து, ஒன்பது பேரைக் கொன்றான். 2025இல் அவனுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அமெரிக்காவின் மினசோட்டாவில் நடுத்தர வயது ஆண் ஒருவர் தன்னை இளம் தாதி என்று காட்டிக்கொண்டு, மனம் உடைந்தவர்களோடு இணையத்தில் பேசி அவர்களைச் சாவுக்குத் தூண்டிவந்தார். நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. அக்கா, தங்கச்சி என்று பரிவோடு எழுதும் கை யாருடையது என்பது திரையில் தெரியாது.

கூட்டுநம்பிக்கை எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதற்கு இலங்கையிலேயே உதாரணம் இருக்கிறது. 2023 டிசம்பர் இறுதியில் கொழும்புப் புறநகரில், தற்கொலை செய்தால் விரைவில் மறுபிறவி கிட்டும் என்று போதித்துவந்த ஒருவர் இறந்தார். சில நாட்களுக்குள் அவருடைய குடும்பத்தினரும் அவரைப் பின்பற்றியவர்களும் இறந்தார்கள். மொத்தம் ஏழு மரணங்கள். ஒரே கருத்து மட்டும் சுற்றிவரும் சிறு வட்டத்தில், வெளியே யாரும் ஏற்காத ஒன்று இயல்பான முடிவுபோலத் தோன்றத் தொடங்கிவிடுகிறது. அந்த வட்டம் நேரில் கூடினாலும் திரையில் கூடினாலும் நடப்பது ஒன்றுதான்.

சட்டம் எட்டும் தூரம் குறைவு. தற்கொலைக்குத் துணைபோவது இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் இன்றும் குற்றம். ஆனால் கடல் கடந்து பொய்ப் பெயரில் எழுதுபவனை ஹட்டன் பொலிஸ் எங்கே போய்ப் பிடிக்கும்? இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்த 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம், கருத்துச் சுதந்திரத்தை ஒடுக்கும் என்ற எதிர்ப்போடுதான் பிறந்தது. நிறுவனங்களின் கண்காணிப்பிலும் மொழி ஓர் ஓட்டை. 2018இல் கண்டி மாவட்ட வன்முறையின்போது சிங்களத்தில் பரவிய வெறுப்புப் பதிவுகளைத் தடுக்கத் தவறியதற்காகப் பேஸ்புக் 2020இல் வருத்தம் தெரிவித்தது. ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யப்படும் மலையகப் பேச்சுத் தமிழை அந்த இயந்திரங்கள் அதைவிட நன்றாகப் புரிந்துகொள்ளும் என்று நம்பக் காரணம் இல்லை.

எனவே வேலை வீட்டுக்கும் அயலுக்கும் வந்து சேர்கிறது. போனைப் பறிப்பது முதலில் தோன்றும் யோசனை. பெரும்பாலும் அது தவறான யோசனை. இருந்த ஒரே வாசலும் அடைபட்டுப்போக, பிள்ளை பேச்சை அடியோடு நிறுத்திவிடும். தற்கொலை பற்றிக் கேட்டால் இல்லாத எண்ணம் முளைத்துவிடும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் கிடையாது. நேரடியாகக் கேட்பது பாரத்தைக் குறைக்கிறது என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. “சாகணும்னு தோணுதா தம்பி?” என்று கேட்கலாம். பதில் ஆம் என்று வந்தால், புத்திமதியும் அதட்டலும் அந்த நேரத்துக்கு உதவாது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதும், அன்று இரவு தனியே விடாமல் இருப்பதும் உதவும். “நா இல்லாட்டி ஒங்களுக்கெல்லாம் நிம்மதிதான்” என்ற பேச்சு, பிரியமான பொருட்களை எடுத்துக் கொடுத்துவிடுவது, பல நாள் தூக்கமின்மை, கலக்கத்துக்குப் பின் திடீரென்று வரும் அமைதி, ஸ்டேட்டஸில் விடைபெறும் வார்த்தைகள் ஆகியவற்றை நடிப்பு என்று தள்ளக்கூடாது.

நுவரெலியாப் பகுதியில் பல குடும்பங்கள் மரக்கறியும் பயிரிடுகின்றன. பூச்சிமருந்துப் போத்தல் வீட்டுக்குள்ளேயே இருக்கும். பூட்டுப் பெட்டி கொடுத்தால் போதுமா என்று வட மத்திய மாகாணத்தில் 180 கிராமங்களில் சோதித்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. மனம் கலங்கிய ஒருவர் இருக்கும் வீட்டில் பூச்சிமருந்தை வைக்காமலே இருப்பதுதான் பாதுகாப்பு.

பேச ஆள் வேண்டுபவர்களுக்குத் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கமும், 1333 என்ற ஆலோசனைச் சேவையும் உள்ளன. இரண்டிலும் தமிழில் பேசலாம். தனக்காக மட்டுமன்றி, தங்கையைப் பற்றியோ பக்கத்துக் காம்பராப் பையனைப் பற்றியோ கவலைப்படுபவரும் அழைக்கலாம். 1974இல் தொடங்கப்பட்ட சுமித்ரயோ அமைப்பின் தொண்டர்களும் இந்தப் பணியைச் செய்கிறார்கள். தீங்கு ஏற்கெனவே நேர்ந்திருந்தால் 1990ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். பிழைப்பார், பார்க்கலாம் என்று காத்திராமல், நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ உடனே கொண்டுபோக வேண்டும். முயற்சி செய்து பிழைத்தவரை இன்று எந்தச் சட்டமும் தண்டிப்பதில்லை.