பிள்ளை என்னும் பெயர்

மாணவர்களே, பள்ளிப் படிவங்களில் 'குடும்பப்பெயர்' என்றொரு கட்டம் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். பானர்ஜி, ரெட்டி என்னும் பெயருடைய நண்பர்கள் அதனை உடனே நிரப்பிவிடுவர். வட ஆற்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து கோலார் தங்கவயலுக்கு வந்தவர்களின் வழிவந்த நீங்களோ, சற்றே தயங்கித் தந்தையின் பெயரை எழுதுகிறீர்கள். தமிழருக்குக் குடும்பப்பெயரே இல்லையோ என்னும் ஐயம் எழுவது இயல்பு.

பெயரின் பின்னே வரும் சொற்கள் நம்மிடமும் உண்டு. அவற்றுள் 'பிள்ளை' என்பதன் வரலாறு சுவையானது. தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்கள் ஒன்பதனுள் அதனையும் ஒன்றாக வைக்கிறது. ஆனால் அங்கே அது பறவையின் குஞ்சுக்கு உரியது, மரஞ்செடிகளுக்கும் பொருந்தும். தென்னங்கன்றைத் தென்னம்பிள்ளை என்று இன்றும் சொல்கிறோம் அல்லவா? மக்களுக்கு உரியவை குழவி, மகவு என்னும் இரண்டே என்பது அந்நூலின் விதி. வழக்கு அவ்விதியைக் கடந்தது. பிள்ளை மனிதக் குழந்தையைக் குறித்தது. பின்னர் மகனைக் குறித்தது. சோழர் கல்வெட்டுகளில் அரசகுமாரர் 'பிள்ளையார்' எனப்பெறுகின்றனர். அவ்வாறு உயர்ந்த சொல் மதிப்புப் பட்டமாயிற்று. வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியரின் பெயரில் அது முன்னே நிற்கிறது. கணக்கு எழுதுவோர் கணக்குப்பிள்ளை ஆயினர். இங்கே அது தொழிற்பெயர் போலவே வழங்கியது.

பிள்ளை என்றால் வேளாளர் என்று பலர் எண்ணுவர். அது முழு உண்மையன்று. புதுச்சேரியில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை ஆயர் குலத்தவர். நாகசுர மேதை டி. என். இராசரத்தினம் பிள்ளை இசை வேளாளர். மலையாள நாவலாசிரியர் தகழி சிவசங்கரப் பிள்ளை நாயர் குடும்பத்தவர். ஆக, பெயரை மட்டும் கேட்டு ஒருவரின் பிறப்பைக் கணிப்பது வீண்வேலை.

1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்னும் கப்பல் ஒப்பந்தத் தொழிலாளர்களுடன் தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடைந்தது. அதன்பின் அங்குக் குடியேறிய தமிழரிடையே பிள்ளை 'பிள்ளே' ஆயிற்று. முதலியார் 'மூட்லி' ஆயிற்று. கவுண்டர் 'கவெண்டர்' ஆயிற்று. தமிழகத்தில் பிள்ளை ஆண்களின் பெயரோடு மட்டுமே ஒட்டிவந்தது. பெண்களுக்கு 'அம்மாள்' என்பதே வழக்கம். தென்னாப்பிரிக்காவிலோ அது பெண்களுக்கும் உரிய குடும்பப்பெயர். ஐக்கிய நாடுகளின் மனித உரிமை ஆணையராக 2008 முதல் 2014 வரை விளங்கிய நவி பிள்ளே டர்பனில் பிறந்தவர்.

தமிழகத்தில் இத்தகைய பட்டங்கள் சாதியின் அடையாளமாக இறுகிவிட்டன. 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு அவற்றைக் கைவிடுமாறு தீர்மானித்தது. அதன்பின் பலர் தந்தை பெயரின் முதலெழுத்தோடு நிறுத்திக்கொண்டனர். தங்கவயலின் கதை வேறு. இங்கே சுரங்கத்தில் இறங்கி உழைத்தோருள் பெரும்பாலோர்க்கு, அவர்கள் விட்டுவந்த ஊர் எந்தப் பட்டத்தையும் தந்ததில்லை. மதிப்போடு பெயர் சொல்லி அழைத்ததும் அரிது. அவர்களின் பெயரே இன்று மக்களுக்கும் பேரர்களுக்கும் தலைப்பெழுத்தாக நிற்கிறது. 2001இல் சுரங்கம் மூடப்பட்டது; அவ்வெழுத்து மட்டும் உங்கள் குறிப்பேட்டின் மேலட்டையில் இருக்கிறது.

பயிற்சி: உங்கள் தலைப்பெழுத்து யாருடைய பெயரின் முதலெழுத்து? அவரோ அவர்தம் முன்னோரோ எந்த ஊரிலிருந்து வந்தனர்? வீட்டுப் பெரியோரிடம் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.