உருவக் கோட்டோவியத்தில் உணர்வும் ஊடகமும்

மனித உருவத்தின் நிலையையும் அசைவையும் கோடுகளால் காட்டுவது உருவக் கோட்டோவியம் ஆகும். அதிலுள்ள உணர்வை அறியப் பலரும் முகத்தை மட்டுமே பார்க்கின்றனர். உடலின் சாய்வு, கோட்டின் தன்மை, வரைந்த கருவி, தாள் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்ப்பது அவசியம்.

ஊடகங்களின் இயல்பு

கரித்துண்டு எளிதில் பரவும். விரலால் தேய்த்து நிழல் காட்டலாம். பேனாக் கோட்டை எளிதில் அழிக்க முடியாது. நிழலுக்குக் கீற்றுகளை நெருக்கமாக இட வேண்டும். தூரிகையை அழுத்தினால் கோடு தடிக்கும், தளர்த்தினால் மெலியும். மை வற்றும்போது சொரசொரப்பான தாளில் கோடு உடைந்து விழும்.

வங்கப் பஞ்ச ஓவியங்கள்

1943-ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் இறந்தனர். கல்கத்தா தெருக்களில் பசியால் விழுந்து கிடந்தவர்களை ஜைனுல் ஆபிதீன் (1914–1976) மலிவான தாளில் கறுப்பு மையும் தூரிகையும் கொண்டு வரைந்தார். அவற்றில் பசியைச் சொல்வன ஒடுங்கிய விலாவும் குச்சி போன்ற கைகால்களும்தாம். வறண்ட தூரிகையின் சொரசொரப்பான கோடு அந்த உடல்களின் வறட்சிக்குப் பொருந்துகிறது. ஆனால் மலிவான தாளையும் சோகத்தின் குறியீடாகக் கொள்வது பொருந்தாது. போர்க்காலத்தில் நல்ல தாள் கிடைப்பது அரிது.

அதே பஞ்சத்தை மிதுனாபூர் மாவட்டத்தில் வரைந்தவர் சித்தபிரசாத் (1915–1978). அவருடைய 'ஹங்கிரி பெங்கால்' நூலின் படிகளை ஆங்கிலேய அரசு பறிமுதல் செய்து அழித்தது. ஓவியத்தை அரசு சாட்சியமாகவே கண்டு அஞ்சியதற்கு இது சான்று.

கறுப்பு என்றால் சோகமா?

தமிழக ஓவியர் கே. எம். ஆதிமூலம் (1938–2008) காந்தி நூற்றாண்டான 1969-இல் காந்தியை வரிசையாக வரைந்தார். அவையும் கறுப்பு மை ஓவியங்களே. ஆனால் அங்கே கோடுகள் முதுமையையும் உறுதியையும் காட்டுகின்றன. எனவே ஊடகம் மட்டும் உணர்வைத் தீர்மானிப்பதில்லை. உருவத்தின் நிலையும் வரைந்த சூழலும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

மாணவர்களுக்கான பயிற்சி

புதுச்சேரியின் வில்லியனூர் சுடுமண் பொம்மைகளுக்குப் பெயர் பெற்றது. பாகூர் நெல் விளையும் பகுதி. மண் பிசைபவரையோ நாற்று நடுபவரையோ ஒரு முறை கரியாலும் ஒரு முறை பேனாவாலும் வரைந்து பார்க்கலாம். பின்னர் இரண்டு பத்திகளில் குறிப்பு எழுத வேண்டும். முதல் பத்தியில் 'முதுகு வளைந்துள்ளது' என்பதுபோல் கண்ணால் கண்டதை எழுதலாம். இரண்டாவதில் 'களைத்திருக்கிறார்' என்பதுபோல் ஊகித்ததை எழுதலாம். நாற்று நடுபவர் குனிவது வேலையின் தேவை; அது களைப்பாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இரண்டையும் பிரித்து எழுதினால், தம் ஊகத்துக்கு ஓவியத்தில் எங்கே ஆதாரம் உள்ளது என்பதை மாணவர் தாமே சரிபார்க்க முடியும்.