சோள வேரில் ஊறும் களைக்கொல்லி

சங்கரன்கோவிலுக்கு மேற்கே புளியங்குடிப் பக்கம் போனால் கிணற்றுப் பாசனமும் எலுமிச்சைத் தோட்டங்களும். கிழக்கே குருவிகுளம், திருவேங்கடம் என்று இறங்கினால் கரிசல். புரட்டாசி, ஐப்பசியில் வானத்தைப் பார்த்து விதைக்கிற மானாவாரிக் காடு. அந்தப் பக்கத்துச் சம்சாரிகளுக்கு ஒரு கணக்கு உண்டு: சோளத்துக்குக் களைக்கூலி குறைவு. பருத்திக்கும் மிளகாய்க்கும் திரும்பத் திரும்பக் களைவெட்டியோடு இறங்க வேண்டும். சோளமோ முதல் களை எடுத்துவிட்டால் பிறகு தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும்.

சோளம் சீக்கிரம் உயர்ந்துவிடும், நிழல் விழும், அதனால் களை அடங்கும் என்று சொல்வது வழக்கம். அது சரிதான். ஆனால் பாதிக் கதைதான். மீதி மண்ணுக்குள் நடக்கிறது.

அதைப் பார்க்கப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. ஒரு கண்ணாடித் தட்டில் ஈரத்தாளை விரித்து, சில சோள விதைகளைப் போட்டு மூடி, இருட்டில் வைத்தால் போதும். சில நாளில் வெள்ளை வேர் ஓடும். அதன்மேல் மெல்லிய வேர்த்தூவிகள் அடர்ந்து நிற்கும். உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே பார்த்தால், அந்தத் தூவிகளின் நுனியில் எண்ணெய்ப் பதமான துளிகள் மினுங்கும். காற்றுப் பட்டதும் மஞ்சள் நிறம் ஏறும். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் நெட்ஸ்லியும் பட்லரும் இந்தத் துளிகளைச் சேகரித்து, அவற்றில் இருப்பதை 1986இல் விவரித்தார்கள். துளியின் பெரும்பகுதி ஒரே வகைச் சேர்மம். அதன் பெயர் சோர்கோலியோன்.

ஒரு தாவரம் வேர் வழியே இப்படி ஒரு பொருளைத் துளித்துளியாக, கிட்டத்தட்டச் சுத்தமாக வெளியே தள்ளுவது அபூர்வம். வேர்த்தூவிச் செல்களின் முழுநேர வேலையே இதுதானோ என்று தோன்றும். வேர்த்தூவி நன்றாக வளர்ந்தால்தான் துளி ஊறும். தண்ணீர் தேங்கினால் தூவி குறையும், துளியும் குறையும். ஏறத்தாழ 30 டிகிரி வெப்பத்தில் சுரப்பு உச்சத்தில் இருக்கிறது. சதசதப்பு இல்லாத ஈரம், இதமான சூடு: நல்ல மழைக்குப் பிறகு கரிசல் விதைப்புக்குப் பதப்படும்போது இருக்கிற நிலைமை ஏறக்குறைய இதுதான்.

இந்தத் துளி களையை என்ன செய்கிறது? இலையில் வெளிச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும் வேலையில், எலக்ட்ரான்களை ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகிற ஒரு மூலக்கூறு உண்டு. டி1 என்ற புரதத்தில் இருக்கும் ஒரு பள்ளத்தில் வந்து உட்கார்ந்து, எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு கிளம்பும். சோர்கோலியோன் முந்திக்கொண்டு அந்த இடத்தைப் பிடித்துவிடுகிறது, பேருந்தில் ஜன்னல் வழியே துண்டு போட்டுச் சீட்டுப் பிடிப்பதைப் போல. வர வேண்டியது வந்து நிற்கும், இடம் இருக்காது. எலக்ட்ரான் ஓட்டம் நின்றுபோகும். வேரில் ஊறுவது இலைவரை போகுமா என்று கேட்கலாம். வளர்ந்த செடியில் போகாது. அப்போதுதான் முளைத்து, மண்ணைப் பிளந்துகொண்டு வருகிற இளங்களை, தண்டாலும் விதையிலையாலும் மண்ணில் உள்ளதை உறிஞ்சிவிடும். அதனால்தான் சிறிய விதையுள்ள களைகளிடம் இதன் பலம் அதிகம். முளை பெரிதாகிவிட்ட களை தப்பித்துக்கொள்ளும். சோளத்தோடு ஊடுபயிராக விதைக்கும் தட்டைப்பயறு பருத்த விதை. அது தாக்குப்பிடிப்பதில் வியப்பில்லை.

என்னைத் திகைக்க வைத்தது இதற்கு அடுத்த செய்தி. இன்று இதே வட்டாரத்தில் சோளம் இருந்த காடுகள் பலவற்றில் மக்காச்சோளம் நிற்கிறது. மக்காச்சோளத்துக்கு விதைத்த மூன்றாம் நாள் வாக்கில் அட்ரசின் என்ற களைக்கொல்லியை அடிக்கச் சொல்கிறார்கள். அந்த அட்ரசின் போய் உட்காருவதும் அதே டி1 புரதத்தின் அதே பள்ளத்தில்தான். சோளம் தன் வேரில் ஊறவைத்துக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு, அதே பூட்டுக்கு இன்னொரு சாவியைக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறோம். நிலத்தடி நீரில் சேர்கிறது என்று ஐரோப்பிய ஒன்றியம் அட்ரசினை விலக்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

செடிக்குச் செடி மண் வழியே வேதிப்பொருளால் போரிடும் இந்தச் செயலுக்கு அலெலோபதி என்று பெயர். 1937இல் ஆஸ்திரிய அறிஞர் ஹான்ஸ் மோலிஷ் வைத்தது. விஷயம் அதைவிட மிகப் பழையது. கொண்டைக்கடலை களைகளை, அதிலும் நெருஞ்சியை, அழிக்கும் என்று 2,300 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கத்தில் தியோஃப்ராஸ்டஸ் எழுதியிருக்கிறார்.

ஆனாலும் இந்தத் துறையில் அவசரப்பட்டால் ஏமாந்துபோவோம். 1964இல் கலிபோர்னியாவில் கார்னீலியஸ் முல்லர், ஒரு வாசனைப் புதரைச் சுற்றிப் புல்லே முளைக்காமல் வெறுமையாக இருக்கும் வட்டத்தைக் காட்டி, புதரின் ஆவி புல்லைக் கொல்கிறது என்றார். ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. உலகமே வியந்தது. 1970இல் அதே இதழில் பார்தலமியூ வேறொன்றைக் காட்டினார். விலங்குகள் நுழைய முடியாதபடி கம்பிவலை அடைத்தால் வெறுமையான இடத்திலும் புல் முளைத்தது. புதருக்குள் ஒளிந்திருந்த எலிகளும் முயல்களும் சுற்றியுள்ள புல்லை மேய்ந்திருக்கின்றன! சீமைக் கருவேலத்தின் அடியில் ஒன்றும் முளைக்காததைப் பார்த்ததும் இலையில் விஷம் என்று முடிவு கட்டுகிறவர்கள் இந்தக் கதையை நினைக்க வேண்டும். அந்த இலைச்சாறு முளைப்பைத் தடுப்பது ஆய்வகத்தில் தெரிந்ததே. ஆனால் களத்தில் நிழலும், மண்ணின் ஈரத்தை உறிஞ்சும் வேரும் கூடவே வேலை செய்கின்றன. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் சொல்லக் கூடாது.

பிரிக்க அழகான வழி ஒன்று இருக்கிறது. 1989இல் ஜெஃப்ரி வைடன்ஹேமரும் கூட்டாளிகளும் எழுதியது. ஒரே அளவு மண்ணில் விதையை நெருக்கிப் போட்டால், தண்ணீருக்கும் உரத்துக்கும் போட்டி அதிகமாகி ஒவ்வொரு செடியும் சிறுக்கும். இது யாருக்கும் தெரியும். ஆனால் மண்ணில் நஞ்சு இருந்தால் நிலைமை தலைகீழ். நெருக்கமாக முளைத்தவை நஞ்சைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்வதால் பிழைக்கும். தனியாக நிற்பது முழுவதையும் குடித்துக் குன்றிப்போகும். விலக்கி விதைத்த தொட்டியில் செடி சிறிதாகவும், நெருக்கி விதைத்த தொட்டியில் பெரிதாகவும் இருந்தால் நஞ்சு உண்டு என்று அடித்துச் சொல்லலாம். இரண்டு மண்தொட்டி போதும்.

சோளத்தின் வேர் தனக்கே வினையும் தேடிக்கொள்கிறது. சுடுமல்லி என்ற ஒட்டுண்ணிக் களையின் விதை தூசியைப் போன்றது. பல வருஷம் மண்ணில் உறங்கிக் கிடக்கும். பக்கத்தில் சோள வேர் வந்தது என்று வேதிச்சேதி கிடைத்தால்தான் கண்விழிக்கும். பிறகு அந்த வேரிலேயே ஒட்டி உறிஞ்சும். அந்தச் சேதி எது என்று பர்டூவில் தேடியபோதுதான் சோர்கோலியோன் அகப்பட்டது. சுடுமல்லியை எழுப்பும் முக்கியச் சேதி ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற வேறு வகைச் சேர்மங்கள் என்பது பின்னால் உறுதியானது. அதே பல்கலைக்கழகத்தில் எத்தியோப்பியரான கெபிசா எஜெட்டா, சுடுமல்லியை எழுப்பாத சோள ரகங்களை உருவாக்கி 2009இல் உலக உணவுப் பரிசு பெற்றார்.

இன்னொரு குணமும் சோர்கோலியோன் துளிக்கு உண்டு. மண்ணில் போடும் யூரியா அமோனியமாகி, நுண்ணுயிர்களால் நைட்ரேட்டாகி, மழையோடு அடித்துக்கொண்டு போய்விடும். அந்த மாற்றத்தைத் தொடங்குகிற பாக்டீரியாவைச் சோர்கோலியோன் மந்தப்படுத்துகிறது. ஜப்பானின் ஜிர்காஸ் நிறுவனத்தில் குண்டூர் சுப்பாராவ் குழு இதை நிறுவியது. பக்கத்துச் செடியை அடக்கும் அதே துளி, போட்ட உரத்தையும் காவல் காக்கிறது.

எல்லாச் சோளமும் ஒன்றல்ல. 1996இல் 25 வகைச் சோளங்களை ஒப்பிட்டபோது, ஒரு கிராம் வேருக்கு ஒரு மில்லிகிராம்கூடச் சுரக்காதவையும் இருந்தன, 17 மில்லிகிராமைத் தாண்டியவையும் இருந்தன. மகசூலை மட்டும் பார்த்து ரகம் பிரித்தால் இந்தக் குணம் கண்ணில் படாமலே நழுவிப்போகும். சங்கரன்கோவிலுக்குப் பக்கத்திலேயே கோவில்பட்டியில் 1901 முதல் கரிசலுக்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கே 8, கே 12 போன்ற சோள ரகங்கள் அங்கே பிறந்தவை. அவற்றோடு, மாட்டுத் தீவனத்துக்காக இன்னும் சிலர் விதைக்கிற இறுங்குச் சோளத்தையும் சேர்த்து, ஒவ்வொன்றின் வேரும் எவ்வளவு ஊறவைக்கிறது என்று அளந்து, விதைப்பையில் முளைப்புத்திறனை அச்சிடுவதைப் போல அதையும் அச்சிட்டுத் தர வேண்டும். களைக்கூலிக்கும் களைக்கொல்லிக்கும் ஆகும் செலவைப் பார்த்துத்தான் மானாவாரிச் சம்சாரி என்ன விதைப்பது என்று முடிவு செய்கிறார்.