தண்டுவடத்தில் அடிபட்டால் தாம்பத்தியம் முடிந்துவிடுமா?

கேட்கக் கூச்சப்பட்டே பலர் மனதுக்குள் புதைத்துவிடும் கேள்வி இது. பெரும்பாலும் முடிந்துவிடுவதில்லை.

உங்கள் வீட்டு மாடிப்படி விளக்கை நினைத்துப் பாருங்கள். மேலே ஒரு சுவிட்ச், கீழே ஒரு சுவிட்ச். உடலின் கிளர்ச்சிக்கும் அப்படித்தான் இரண்டு வழி. எண்ணத்தால் எழுவது மூளையிலிருந்து தண்டுவடம் வழியே இறங்கி வர வேண்டும். தொடுதலால் எழுவதோ தண்டுவடத்தின் அடிநுனியிலேயே நடந்து முடியும்; மூளையைக் கேட்காது. கழுத்தில் அடிபட்டவருக்கும் அது பெரும்பாலும் மிஞ்சுவது அதனால்தான்.

எது மிஞ்சியது என்று எப்படித் தெரியும்? அடிவயிற்றிலும் தொடையின் மேற்பகுதியிலும் மருத்துவர் பஞ்சால் வருடுவார், ஊசிமுனையால் மெல்லத் தொடுவார். உணர்வு இருந்தால் மேல் சுவிட்சுக்கு நம்பிக்கை உண்டு. ஆசனவாய் ஓரம் தொட்டதும் தசை சுருங்கினால், கீழ் சுவிட்ச் உயிரோடு இருக்கிறது.

துணையோடு மனம்விட்டுப் பேச முடிகிறதா என்பதும் பரிசோதனையில் சேர்த்திதான். மருத்துவர் கேட்காவிட்டால் நீங்களே பேச்செடுங்கள்.