கத்தி உருக்குகளும் அவற்றிற்கான குறிப்பேடும்

நாற்றுப் பண்ணையில் ஒட்டுக் கட்டுவோரின் கத்தி, குச்சியை ஒரே இழுப்பில் வழவழப்பாகச் சீவ வேண்டும். அதன் வாய் மழுங்கியிருப்பின் பட்டையின் அடியிலுள்ள வளர்திசு நசுங்கிக் கிழிந்துவிடுகிறது. வேர்ச்செடியின் திசுவோடு அது ஒன்றுபடுவதில்லை. ஒட்டு காய்ந்து போகிறது. பருவத்தின் மீதும் செடியின் மீதும் குறை கூறப்படுகிறதேயன்றி, கத்தியைச் சந்தேகிப்பவர் மிகச் சிலரே. ஆதலால் பண்ணைகளிலும் பயிற்சிப் பள்ளிகளிலும் வாங்கப்படும் கத்திகள் எவ்வகை உருக்கினால் ஆனவை, வேலையில் அவை எவ்வாறு பயன்பட்டன என்பவற்றைப் பதிந்துவரும் குறிப்பேடு ஒன்று இருத்தல் அவசியமாகும். அதனைச் சரிவர எழுத, உருக்கின் இயல்பைச் சற்று அறிந்திருக்க வேண்டும்.

இரும்பில் சிறிதளவு கார்பன் சேர்ந்திருப்பதே உருக்கு. கட்டட வேலைக்குரிய மென்னுருக்கில் கார்பன் கால் சதவிகிதத்திற்கும் குறைவு. அதை எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் நல்ல கத்தியாகாது. கத்திக்கு உகந்த உருக்கில் பெரும்பாலும் அரைச் சதவிகிதம் முதல் ஒரு சதவிகிதம் வரை, சில வகைகளில் அதற்கு மேலும், கார்பன் உண்டு. இதனைச் செந்நிறமாகக் காய்ச்சி, எண்ணெயிலோ நீரிலோ சட்டென்று தோய்த்தால் கார்பன் அணுக்கள் வெளியேற வழியின்றிச் சிக்கிக்கொண்டு உருக்கைக் கடினமாக்குகின்றன. ஆனால் தோய்ச்சல் மட்டும் பெற்ற உருக்கு கண்ணாடி போல் நொறுங்கும். மறுபடியும் மிதமாகச் சூடேற்றினால் கடினம் சிறிது குறைந்து உறுதி கூடும். இதுவே பதம் இறக்குதல். தேய்த்துப் பளபளப்பாக்கிய பரப்பில் சுமார் 230 டிகிரி சென்டிகிரேடில் வைக்கோல் நிறமும், 300 டிகிரி அளவில் நீல நிறமும் தோன்றும். கொல்லர்கள் வெகுகாலமாக இந்நிறங்களைக் கொண்டே பதம் அறிந்து வந்துள்ளனர்.

ஆசிரியர்கள் இதனை மூன்று தையல் ஊசிகளைக் கொண்டு வகுப்பிலேயே காட்டலாம். மூன்றையும் இடுக்கியால் பிடித்துச் சிவக்கக் காய்ச்ச வேண்டும். முதல் ஊசியைச் சுவாலையிலிருந்து மெல்ல மெல்ல விலக்கி ஆறவிட்டால் அது கம்பி போல் வளையும். இரண்டாவதை உடனே நீரில் தோய்த்தால் வளைக்கும்போதே படீரென்று ஒடியும். மூன்றாவதைத் தோய்த்து, உப்புத்தாளால் தேய்த்து, நீலம் படரும்வரை இலேசாகச் சூடேற்றினால் வில் போல் வளைந்து நிமிரும். ஊசிகள் ஒரே பெட்டியில் வந்தவை. வேறுபாடு முழுவதும் சூட்டினால் விளைந்தது. ஒடியும் துண்டு தெறிக்குமாதலால் கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி வேண்டும்.

இவ்வுண்மையை அறியாததால் நேர்ந்த தவறு ஒன்று விஞ்ஞான வரலாற்றிலும் உண்டு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி 1913-ஆம் ஆண்டில் சுமார் 13 சதவிகிதம் குரோமியம் கொண்ட துருப்பிடிக்காத உருக்கை வார்த்தார். சாதாரணக் கார்பன் உருக்கிற்கு 800 டிகிரிக்கு அருகிலுள்ள உஷ்ணம் போதும். இப்புதிய உருக்கிற்கோ ஏறக்குறைய 1,000 டிகிரி தேவை. பழைய முறையிலேயே பழகியவர்களிடம் அது சரியாகப் பதம் பெறவில்லை. வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று பிரியர்லியைக் கேலி செய்தார்கள். குற்றம் உருக்கின் மீதன்று, உலையின் மீது.

ஆகவே குறிப்பேட்டில் உருக்கின் பெயரை மட்டும் எழுதினால் போதாது. பெயர்களும் குழப்பம் தருவன. அமெரிக்காவில் 52100 எனப்படும் உருளைத்தாங்கி உருக்கே பிரிட்டிஷ் முறையில் என்-31 என்றும், ஜப்பானில் எஸ்.யூ.ஜே.-2 என்றும் வழங்குகிறது. கார்பன் ஒரு சதவிகிதம், குரோமியம் ஒன்றரைச் சதவிகிதம் அளவில் அமைந்த ஒரே வகை மூன்று பக்கங்களில் மூன்று உருக்குகளாகப் பதிவாகிவிடக் கூடும். இதற்கு மாறான தவறும் உண்டு. 440 என்று மட்டும் முத்திரையிட்ட கத்திகள் கடைகளில் கிடைக்கின்றன. 440 ஏ வகையில் கார்பன் 0.60 முதல் 0.75 சதவிகிதம் வரை. 440 சி வகையில் 0.95 முதல் 1.20 வரை. விலை உயர்ந்த பின்னதை எண்ணி முன்னதை வாங்குவோர் பலர். எழுத்து இல்லையேல் “வகை தெரியாது” என்றே பதிதல் வேண்டும்.

சேர்மானத்தைப் பதிந்த பிறகும் அதை எச்சரிக்கையுடன் படிக்க வேண்டும். டி-2 என்னும் உருக்கில் குரோமியம் 11 முதல் 13 சதவிகிதம் வரை உள்ளது. எனினும் கார்பன் சுமார் ஒன்றரைச் சதவிகிதம் இருப்பதால், குரோமியத்தின் பெரும்பகுதி அதனோடு கூடிக் கடினமான கார்பைடு துகள்களாகிவிடுகிறது; துருவைத் தடுக்க எஞ்சுவது குறைவு. ஈரமான நாற்றங்காலில் இக்கத்தி கறைபடும். ஆனால் அதே துகள்களால் வாய் தேய்வது தாமதமாகிறது. வனேடியம் மிகுந்த புதிய உருக்குகளில் துகள்கள் இன்னும் கடினமானவை. சாதாரணச் சாணைக்கல் அவற்றிடம் தோற்கும், வைரத்தூள் பதித்த கல் வேண்டும். அக்கல் கிடைக்காத இடத்தில் அத்தகைய கத்தியால் என்ன பயன் என்பதையும் எண்ணிப் பார்த்தே வாங்க வேண்டும்.

கிராமக் கொல்லர்கள் அரிவாளுக்குப் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையை விரும்புவது அனுபவ அறிவின் விளைவே. இவ்வினத்தில் பெரிதும் வழங்கிய ஒரு வகையில் கார்பன் 0.5 முதல் 0.6 சதவிகிதமும், சிலிக்கன் 1.5 முதல் 2 சதவிகிதமும் உண்டு, அடி தாங்கும். நீரில் தோய்த்தால் விரிசல் காணக்கூடும், எண்ணெயே நலம். குரோமியம் சேர்ந்த பட்டைகளும் புழக்கத்தில் உள்ளமையால், பட்டை என்பதைக் கொண்டே சேர்மானத்தை எழுதிவிடலாகாது.

அடுத்தது கடினம். வைரக் கூம்பு ஒன்றை 150 கிலோகிராம் பாரத்தில் அழுத்திப் பதிவின் ஆழத்தை அளக்கும் ராக்வெல் சி முறையே வழக்கிலுள்ளது. கருவி இல்லாத இடத்தில் நல்ல அரத்தை வாயருகே இலேசாக ஓட்டிப் பார்க்கலாம். பதமான கத்தியில் அரம் வழுக்கும், மெத்தென்றிருப்பதில் கடிக்கும். இரண்டில் எது செய்யப்பட்டது என்பதையும், எண் விற்பவர் கூறியதா அளந்ததா என்பதையும் எழுதவேண்டும்.

வேலையில் சோதிப்பதற்கு ஐ.எஸ்.ஓ. 8442-5 என்னும் சர்வதேசத் தரம் ஒன்று உண்டு. மணல்துகள் கலந்த அட்டைகளை எந்திரம் மாறாத விசையுடன் வெட்டி, வெட்டுண்ட அட்டையின் மொத்தக் கனத்தை அளக்கும். பண்ணையில் அவ்வளவு வேண்டுவதில்லை. ஆனால் ஒப்பிடப்படும் கத்திகளை ஒருவரே, ஒரே கல்லில், ஒரே கோணத்தில் தீட்ட வேண்டும். இதில்தான் பெரும்பாலான மதிப்புரைகள் பிழைபடுகின்றன. ஏனெனில் மெல்லிய வாயுடைய மட்டமான உருக்கு, தடித்த வாயுடைய சிறந்த உருக்கைத் தோற்கடித்துவிடும். கத்தியில் உள்ள தயாரிப்பாளர் பெயரைத் தாளால் மறைத்து எண் மட்டும் இட்டுக் கொடுத்தால், ஒட்டுக் கட்டுபவரின் கை விருப்பு வெறுப்பின்றித் தீர்ப்புச் சொல்லும். எத்தனை ஒட்டுக்குப்பின் வாய் மழுங்கிற்று, மழுங்கியது தேய்ந்தா, மடிந்தா, சில்லுப் பெயர்ந்தா என்பன தனித்தனியே பதியத்தக்கவை. மடிந்தால் பதம் மிகையாக இறக்கப்பட்டிருக்கலாம். சில்லுப் பெயர்ந்தால் போதிய அளவு இறக்கப்படாதிருக்கலாம். இலவசமாக வந்த மாதிரியாயின் அதையும் பதிவு செய்வது நேர்மை.

பழைய பதிவு தவறெனத் தெரிந்தால் அடித்து அழிக்காமல், கீழே தேதியிட்டுத் திருத்தம் எழுதவேண்டும். தயாரிப்பாளர் பெயரை மாற்றாமலே உருக்கையோ உலை முறையையோ மாற்றுவதுண்டு. எனவே சென்ற ஆண்டுப் பதிவும் இவ்வாண்டுப் பதிவும் முரண்பட்டால் இரண்டுமே உண்மையாக இருக்கக் கூடும். வாங்கிய தேதி குறிப்பேட்டில் இல்லையேல் அதைக் கண்டறிய வழியில்லை.