உயிரோடு இருக்கும்வரை வெளிவராது

2014 ஏப்ரல் 30 அன்று வட அயர்லாந்துக் காவல்துறை சின் ஃபெய்ன் கட்சித் தலைவர் ஜெரி ஆடம்ஸைக் கைதுசெய்து நான்கு நாள் விசாரித்தது. 1972-இல் பெல்ஃபாஸ்டில் நடந்த ஒரு கொலை பற்றிய விசாரணை அது. கேள்விகளில் பெரும்பகுதி, அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரி நூலகத்திலிருந்து வந்த ஒலிப்பதிவுகளை வைத்தே கேட்கப்பட்டதாக வெளியே வந்த ஆடம்ஸ் சொன்னார். அந்தப் பதிவுகள் யாரையும் சிறைக்கு அனுப்ப எடுக்கப்பட்டவை அல்ல. ஒரு நகரத்தின் கடந்தகாலத்தை, அதை நடத்தியவர்களின் வாயாலேயே கேட்டு வைப்பதற்காக எடுக்கப்பட்டவை.

ஊர் நினைவுகளைக் கைப்பேசியில் பதிவுசெய்யும் ஆர்வம் நம்மிடமும் பரவிவருகிறது. நல்ல வேலைதான். ஆனால் பெல்ஃபாஸ்டில் நடந்ததைத் தெரிந்துகொள்ளாமல் அதில் இறங்கக் கூடாது.

வட அயர்லாந்தில் முப்பது ஆண்டுகள் நீடித்த மோதலில் ஏறக்குறைய 3,500 பேர் இறந்தார்கள். 1998-இல் புனித வெள்ளி அமைதி உடன்படிக்கை கையெழுத்தானது. துப்பாக்கி ஏந்தியவர்களுக்கு வயதாகிக்கொண்டிருந்தது. இயக்க ரகசியத்தை வெளியே சொல்வது துரோகம் என்று பழகியவர்கள். அவர்கள் போனால் கதையும் கூடவே போய்விடும். 2001-இல் பத்திரிகையாளர் எட் மொலோனியின் பொறுப்பில் ‘பெல்ஃபாஸ்ட் திட்டம்’ தொடங்கியது. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துப் போராடிய ஆயுத இயக்கமான ஐ.ஆர்.ஏ.வின் முன்னாள் உறுப்பினர்களை, அதே இயக்கத்தில் இருந்து சிறை மீண்டு முனைவர் பட்டம் பெற்ற ஆன்டனி மக்கின்டயர் பேட்டி கண்டார். எதிர்த்தரப்பு ஆயுதக் குழுவினரை வேறொருவர் பேட்டி கண்டார். 2006 வரை நாற்பதுக்கும் மேற்பட்டோர் பேசினார்கள். பெயருக்குப் பதில் குறியீட்டு எழுத்து இடப்பட்டு, பதிவுகள் அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் பாஸ்டனில் பூட்டி வைக்கப்பட்டன. கடலே காவல் என்று எல்லோரும் நம்பினார்கள்.

பேசியவர்களிடம் கொடுத்த வாக்கு எளிமையானது: நீங்கள் உயிரோடு இருக்கும்வரை, உங்கள் சம்மதமின்றி இது வெளிவராது. கையெழுத்திட்ட படிவத்திலும் அப்படித்தான் இருந்தது. ஆனால் கல்லூரிக்கும் மொலோனிக்கும் இடையிலான ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை கூடுதலாக இருந்தது: அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு. அந்த நான்கு சொற்கள், பேசியவர்கள் கையெழுத்திட்ட தாளில் இல்லை.

முதலில் இறந்தவர்கள் இருவர்: எதிர்த்தரப்பு ஆயுதக் குழுவிலிருந்து அரசியலுக்கு வந்த டேவிட் எர்வைன் 2007-இல், ஐ.ஆர்.ஏ.வின் பிரெண்டன் ஹியூஸ் 2008-இல். கொடுத்த வாக்கின்படி, இறந்தபின் அவர்கள் பேச்சை வெளியிடலாம். 2010-இல் மொலோனி அதைப் புத்தகமாக்கினார். பத்துக் குழந்தைகளின் தாயான ஜீன் மக்கான்வில்லை உளவாளி என்று குற்றஞ்சாட்டி ஐ.ஆர்.ஏ. 1972 டிசம்பரில் கடத்திக் கொன்றிருந்தது. உடல் கிடைத்ததே 2003-இல்தான். அந்தக் கொலையில் ஆடம்ஸுக்குப் பங்கு உண்டு என்று ஹியூஸ் பேட்டியில் சொல்லியிருந்தார். ஆடம்ஸ் அதை மறுத்தார், இன்றும் மறுக்கிறார். இறந்தவர் பேச்சை அச்சிட்டதில் வாக்கு எதுவும் மீறப்படவில்லை. ஆனால் பூட்டிய அறைக்குள் என்ன இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்துபோனது.

2011-இல் பிரிட்டன் அரசு, குற்ற விசாரணைகளில் பரஸ்பரம் உதவும் ஒப்பந்தத்தின்படி அமெரிக்காவைக் கேட்டது. அமெரிக்க அரசு கல்லூரிக்கு அழைப்பாணை அனுப்பியது. ஆய்வாளரின் ரகசியம் காக்கப்பட வேண்டும் என்ற வாதம் எடுபடவில்லை. கீழ் நீதிமன்றம் 85 பேட்டிகளைக் கொடுக்கச் சொன்னது. 2013 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை 11 ஆகக் குறைத்தது. குறைந்தது எண்ணிக்கைதான். பதிவுகள் பெல்ஃபாஸ்ட் போய்ச் சேர்ந்தன.

அதனால் நீதியாவது கிடைத்ததா? ஆடம்ஸ்மீது வழக்கே பதிவாகவில்லை. ‘இசட்’ என்ற குறியீட்டில் பேசியவர் என்று சொல்லப்பட்ட ஒரு முதியவர்மீது வழக்கு நடந்தது. 2019-இல் நீதிபதி, அந்த ஒலிப்பதிவு நம்பத்தக்க சாட்சியம் அல்ல என்று ஒதுக்கினார். முதியவர் விடுதலையானார். நீதிபதி சொன்ன காரணங்களைப் பேட்டி எடுக்கும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். பேட்டி கண்டவருக்குத் தெளிவான சாய்வு இருந்தது. விடையை உள்ளே வைத்தே கேள்வி கேட்டார். கொடுக்க முடியாத உத்தரவாதத்தை நம்பிப் பேசியதால், பொய்யையும் மிகையையும் தடுக்கும் கூச்சம் பேசியவருக்கு இருந்திருக்காது. அதாவது, வழக்குக்கு உதவாத அதே குறை, வரலாற்றுக்கும் உதவாத குறை.

2014-இல் கல்லூரி, கேட்பவர்களுக்கு அவரவர் பதிவைத் திருப்பிக் கொடுத்துவிடுவதாக அறிவித்தது. ஒரு நகரத்தின் நினைவைச் சேர்த்து வைக்கப் புறப்பட்ட காப்பகம், சேர்த்ததைக் கலைத்துக் கொடுக்கும் நிலைக்கு வந்தது. மக்கான்வில்லின் பிள்ளைகளுக்கு நீதியும் இல்லை. பேசியவர்களுக்குப் பாதுகாப்பும் இல்லை.

இது எங்கோ நடந்த கதை என்று தள்ளிவிட முடியாது. 1997 கலவரத்தையும் 1998 குண்டுவெடிப்பையும் கண்ட கோயம்புத்தூரில் வாய்மொழி வரலாறு எடுக்கப் போகிறவர், முறுக்கு விற்ற தெருவையும் மில் சங்கையும் மட்டும் கேட்டுவிட்டு வர மாட்டார். யாழ்ப்பாணத்தில் போர்க்கால நினைவுகளைக் கேட்பவரும் அப்படித்தான். பேச்சு ஏதோ ஒரு கட்டத்தில் ‘அன்றைக்கு வந்தது யார்’ என்ற இடத்துக்கு வரும். ஒரு பெயர் விழும். இந்தியச் சட்டத்தில் மூன்றாண்டுக்கு மேல் சிறைத்தண்டனை உள்ள குற்றங்களுக்குக் காலவரம்பு கிடையாது. கணவன் மனைவி பேச்சுக்கும், வக்கீலிடம் கட்சிக்காரர் பேசியதற்கும் சட்டம் திரை போட்டிருக்கிறது. ஆய்வாளரிடம் பேசியதற்கு அப்படித் திரை இல்லை. அந்தப் பெயருக்கு உரியவரிடம் யாரும் ஒப்புதல் வாங்கியதும் இல்லை; அவர் பக்கத்துத் தெருவிலேயே இருக்கலாம்.

ஆகவே, ஒலிப்பதிவுப் பொத்தானை அழுத்துவதற்கு முன் சில வேலைகள் உண்டு. ஒப்புதல் படிவத்தை ஒரு வக்கீல் பார்க்க வேண்டும். நீதிமன்றம் கேட்டால் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதைப் பேசப்போகிறவருக்குப் புரியும் தமிழில், வாயாலும் தாளிலும் சொல்ல வேண்டும். பேச்சு ஒரு குற்றத்தை நோக்கிப் போகும்போது பதிவை நிறுத்தி, “இதைச் சொல்லத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள்” என்று நினைவூட்ட வேண்டும். பேட்டியின் எழுத்து வடிவத்தை அவரே படித்து, வேண்டாததை நீக்கக் காலம் தர வேண்டும். முக்கியமாக, எந்தப் பேட்டியையும் அவர் ஒப்புதலின்றி அன்றிரவே வாட்ஸ்அப்பிலோ யூடியூபிலோ ஏற்றக் கூடாது. பாஸ்டனிலாவது ஒரு பூட்டு இருந்தது.

இவ்வளவும் சொன்னால் சிலர் பேச மாட்டார்கள்; வேறு சிலர் பாதியோடு நிறுத்திக்கொள்வார்கள். அந்த நட்டத்தைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். பெல்ஃபாஸ்டில் அந்த நட்டம் நேரவில்லை; அந்த நான்கு சொற்கள் படிவத்தில் இல்லை. பேசியவர்களும் தயங்காமல் எல்லாவற்றையும் சொன்னார்கள்.